காம்பு விட்ட பழம்

அத்தியாயம் 14

சென்ற வாரம் ருக்சானாவை நடுவீட்டில் நிற்க வைத்துவிட்டு வந்தோம். சுற்றிலும் சொந்தபந்தம். எதிரே தட்டில் அவளுடைய அண்ணன் எடுத்துவந்த புதுச்சேலை. வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு போகக் கம்பத்திலிருந்து வந்த கார். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வரலண்ணே" என்றாள்.

அவ்வளவுதான். உத்தமபாளையத்தில் அந்தத் தெரு அன்றைக்கு நோன்புக் கஞ்சிக்கு வேறு எதையும் தொட்டுக்கொள்ளவில்லை.

நடுவில் சில வாரங்களைத் தவறவிட்டவர்களுக்காக இரண்டு வார்த்தை. ருக்சானாவின் கணவன் ஜாபர் ஐப்பசி மழையில் கம்பமெட்டு இறக்கத்தில் ஸ்கூட்டர் சறுக்கி இறந்துபோனான். பிள்ளை இல்லை. கணவனை இழந்தவள் வாசல் தாண்டாமல் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாளும், அதாவது இத்தா முழுவதும், அவள் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். இத்தா முடிந்ததும் பிறந்த வீட்டார் புதுத்துணியோடு வந்து அழைத்துப்போவது அவர்கள் குடும்ப வழக்கம். பேருக்கு நாலு நாள் விருந்து. பிள்ளை இல்லாதவளை அழைத்துப்போனால் அந்த நாலு நாள் முடிவதே இல்லை. இது அழைக்க வந்த அண்ணன் அப்துல் வாஹிதுக்கும் தெரியும், அனுப்பக் காத்திருந்தவர்களுக்கும் தெரியும்.

அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார்கள். அவளுக்குப் பயமே அதுதான். சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்டுக் கேட்டே ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். முப்பது வயதில் மூலையில் உட்கார ருக்சானாவுக்கு மனமில்லை.

அவளுக்கு வேண்டியது இந்த வீட்டுக் கொல்லை. ஜாபரின் பங்கில் விழுந்த இடம். ஒரு காலத்தில் திராட்சைப் பந்தல் இருந்து, கொடி போய், கல்தூணும் கம்பியும் மட்டும் மிஞ்சிய இடம். இத்தாவில் இருந்தபடியே அதில் அவள் முலாம்பழம் போட்டிருக்கிறாள். விதை வந்த வழியை மறந்திருக்க மாட்டீர்கள். விபத்துக்குப் பிறகு வீடு திரும்பிய ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் ஜாபர் வாங்கி வைத்த விதைப் பாக்கெட் கிடந்தது. "எம்மகன் உசிரக் குடிச்ச வண்டியில கெடந்தது. தூக்கி எறி" என்றார் மாமியார் அம்சத் பீவி. ருக்சானா எறியவில்லை, விதைத்தாள். அன்றிலிருந்து அம்சத் பீவி கொல்லைக்குள் கால் வைத்ததில்லை.

அதே கொல்லை ஜாபரின் அண்ணன் அபுபக்கருக்கும் வேண்டும். வீட்டின் மறுபாதியில் இருப்பவர். காமயகவுண்டன்பட்டியில் தோட்டம், ஊரெல்லாம் திராட்சை வியாபாரம். அடுக்கி வைக்க ஷெட் இல்லாமல் போன மழையில் ட்ரே ட்ரேயாகப் பழம் நனைந்து நாசமானது. அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "நான் வரல" என்று அவள் சொன்னதும், அவர்தான் சிரித்துக்கொண்டே பேச்சை முடித்து வைத்தார்.

"சரிம்மா. நாளைக்கு நோன்பு தொறக்கையில ஒன் கொல்லையில இருந்து ஒரே ஒரு பழம் இந்தப் பாய்க்கு வரட்டும். எங்கம்மா அதத் தின்னுட்டு, இது பழம்னு சொல்லட்டும். சொல்லிட்டாகன்னா அந்த எடத்த நான் தொடல. இல்லேன்னா நீ அண்ணங்கூடக் கெளம்பு. நான் ஜேசிபிய விட்டு நெரவிக்கிறேன்."

"சரி மச்சான்" என்று உடனே சொல்லிவிட்டாள் ருக்சானா.

எல்லோரும் அதை வீம்பு என்று நினைத்தார்கள். வீம்புதான். ஆனால் வெறும் வீம்பில்லை. அன்று சாயங்காலமே அவள் ஒன்றைப் பார்த்திருந்தாள். பந்தலில் சிவப்புத் துணித் தொட்டிலில் தொங்கிய பழத்தின் காம்படியில் மெல்லிசாக ஒரு வெடிப்பு, வட்டமாக, சுற்றிலும். விடிவதற்குள் பழம் தானாகக் காம்பை விட்டுவிடும். பழுத்ததற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

*

மறுநாள் பஜர் தொழுது முடித்ததும் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் முழுதாக வரவில்லை. மேற்கே மலை கறுப்பாகத் தெரிந்தது.

அந்தப் பந்தலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முலாம்பழக் கொடி கம்பியில் ஏறிவிடும், ஆனால் பழத்தின் கனத்தைத் தாங்காது. ஒவ்வொரு காய்க்கும் துணியில் தொட்டில் கட்டவேண்டும். ருக்சானா தன் பெட்டியைத் திறந்து, இனி எப்போது போடுவோம் என்று தெரியாத கலர் துப்பட்டாக்களை எடுத்து நீளநீளமாகக் கிழித்தாள். சிவப்பு, கிளிப்பச்சை, மஞ்சள், ஊதா. இத்தாவில் இருக்கிறவள் கொல்லையில் கலர் கலராகத் தொங்கவிட்டிருக்கிறாள் என்று மாடிக்கு மாடி பேச்சுப் போனது. சுற்றிலும் தோட்டங்களில் மருந்தடித்து மருந்தடித்துத் தேனீ வரத்தும் குறைவு. அதனால் தினமும் காலையில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவில் தொட்டுவிடுவாள். அதையும் பார்த்தார்கள், அதற்கும் பேசினார்கள். பேசியவர்களில் யாராவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்களா என்றால், இல்லை. தண்ணீருக்கு அபுபக்கர் பக்கத்து போர் மோட்டார்தான் ஓடியது.

சிவப்புத் தொட்டில் காலியாக இருந்தது.

நம்பாமல் கையை விட்டுப் பார்த்தாள். துணி மட்டும் ஈரமாக இருந்தது. அடுத்தது மஞ்சள். அதுவும் காலி. ஊதா காலி. பச்சையும் காலி.

கொடியைத் தடவிக்கொண்டே போனாள். மூன்று இடங்களில் காம்பைக் கத்தரியால் வெட்டியிருந்தது. நேரான, சுத்தமான வெட்டு. அப்படி ஒரே அழுத்தில் வெட்டத் தெரிந்த கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

"மச்சான்!"

அவள் போட்ட சத்தத்தில் அபுபக்கர் தொப்பியைக் கூடக் கழற்றாமல் வந்தார். பின்னாலேயே அப்துல் வாஹித், தூக்கக் கண்ணோடு.

"ஏம்மா கத்துற? ஒன் பழத்த நான் என்ன ஒளிச்சா வச்சிருக்கேன்? நடுவீட்டுல இருக்கு, போயிப் பாரு."

நடுவீட்டில் பிளாஸ்டிக் ட்ரேயில் காகிதம் விரித்து மூன்றையும் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றின் தலையிலும் விரல் நீளத்துக்குப் பச்சைக் காம்பு.

"பள்ளிவாசலுக்குப் போயிட்டு வந்து நானே வெட்டினேன். நாளப்பின்ன அபுபக்கர் கெடுத்துட்டான்னு ஒருத்தன் சொல்லிறக் கூடாதுல்ல? காம்பு பச்சையா, தோல்ல ஒரு கீறல் இல்லாம, தரமாப் பாத்து எடுத்திருக்கேன். மண்டியில மொத ஏலத்துக்குப் போகும்."

அபுபக்கர் மேல் எனக்கும் கோபம் உண்டுதான், ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும். மனுஷன் பொய் பேசவில்லை. சின்ன வயதிலிருந்து திராட்சையோடு புழங்கியவர். குலையைக் காம்போடு வெட்டவேண்டும், காம்பு பச்சையாக இருக்கவேண்டும், தானாக உதிர்ந்தது கழிவு. கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் கை அப்படித்தான் பழம் எடுக்கும்.

"சிவப்புத் துணியில இருந்தது எங்க மச்சான்?"

"அது உதிர்ந்துபோச்சும்மா. தொட்டேன், கையோட வந்துருச்சு. காம்பே இல்ல. அத எவன் திம்பான்? எருக்குழியில போட்டேன்."

ருக்சானா ஓடினாள். நாலு மாதமாக அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

எருக்குழிக்குப் பக்கத்தில் பக்ரீதுக்கு வளர்க்கும் கிடாய் கட்டியிருந்தது. அந்த வீட்டில் நோன்பு இல்லாத ஒரே ஜீவன் அதுதான். கயிறு விறைக்க, முன்னங்கால் குழி விளிம்பில் வழுக்க, நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. நாக்குக்கும் பழத்துக்கும் நடுவே ஒரு சாண்தான் இருந்தது.

அவள் குழிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். பழம் முழுசாக இருந்தது. ஒரு பக்கம் லேசான நசுங்கல், அங்கங்கே ஆட்டுப் புழுக்கை. கையில் எடுத்ததும் மணம் வந்தது. வெயில் ஏறாத அந்த நேரத்திலேயே குழியின் நாற்றத்தை மீறிக்கொண்டு வந்தது. அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. பின்னாலேயே ஆண்கள் இருவரும் வந்துவிட்டார்கள்; அபுபக்கருக்கு முன்னால் அழுவதில்லை என்று முன்பே முடிவு செய்தாகிவிட்டது.

"மச்சான், இது திராட்சை இல்ல. பழுத்தாத்தான் இது காம்ப விடும். பச்சைக் காம்போட வெட்டுனீகன்னா அது காய்."

"இத எங்கன படிச்ச?"

"வீடியோவுல பாத்தேன். பெறகு நாலு மாசம் இங்கனயே கெடந்து கண்ணாலயும் பாத்தேன்."

"வீடியோவுல!" அபுபக்கர் வாஹிதைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டுக்க மாப்ள. எனக்குப் பழம் பாக்கச் சொல்லித் தருது ஒன் தங்கச்சி. உதிர்ந்தது நல்லதாம், நான் வெட்டினது சொத்தையாம்."

"கிடா கயித்த அறுக்குது, பாத்தீகளா மச்சான்? அது வீடியோ பாக்கல."

வாஹித் நடுவில் புகுந்தான். "ரெண்டையும் வெட்டித்தான் பாத்துருவோமே. எதுக்குச் சண்டை?"

வெட்டலாம். யார் தின்று பார்ப்பது? மூன்று பேருக்கும் நோன்பு. நோன்பு திறக்கும் மஃரிப் பாங்குக்கு முழுப்பகல் கிடக்கிறது. பழமா காயா என்று சொல்லக்கூடிய நாக்கு அந்த வீட்டில் அப்போது கிடாய்க்கு மட்டும்தான் இருந்தது.

அபுபக்கருக்குச் சட்டென்று வேறொன்று தோன்றியது. "ஏம்மா, எருக்குழியில கெடந்தத நோன்பு தொறக்க எங்கம்மாவுக்குக் குடுப்பியோ?"

"தோலுதான அங்கன பட்டுச்சு. கழுவினாப் போச்சு."

குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. பின்கட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம், கையில் தஸ்பீஹ் மணியோடு அம்சத் பீவி நின்றார். படியைத் தாண்டவில்லை. பந்தலையும் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துத்தான் பேசினார்.

"ரெண்டையும் பாய்க்குக் கொண்டாங்க. தின்னுட்டு நான் சொல்றேன்."

ருக்சானாவுக்கு அதில் நிம்மதி வரவில்லை. விதை முளைத்ததே பிடிக்காத மனுஷி. கொடி ஏறியது, பூத்தது, காய்த்தது எதையும் எட்டிக்கூடப் பார்க்காதவர். அவர் வாயால்தான் 'பழம்' என்று வரவேண்டும்.

*

மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு வாஹித் தங்கையைத் தேடி வந்தான். அவள் பழத்தைக் கழுவித் துடைத்து, ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பந்தலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

"ஒங்க அண்ணி ரூமக் கழுவி மெத்தை போட்டு வச்சிருக்கா. ஃபேன் கூட மாத்தியாச்சு."

"அந்த ரூமுக்குப் பின்னால என்ன இருக்குண்ணே?"

"பக்கத்து வீட்டுச் செவரு."

"மண்ணு?"

"என்ன மண்ணு?"

"ஒரு வெதை ஊன்றதுக்கு."

வாஹித் ஒரு கல்தூணில் சாய்ந்துகொண்டான். நல்லவன். நல்லவர்களுக்கு இருக்கும் பிரச்சினையே ஊர் என்ன சொல்லும் என்பதுதான்.

"நீ வரலேன்னா என்னையத்தான் சொல்லுவாக ருக்கு. தங்கச்சிக்கு ஒரு வாய் சோறு போட வலிச்சு விட்டுட்டு வந்துட்டான்னு."

"சொல்லட்டும். என்னைய நாலு மாசமாச் சொன்னாக. நான் தேஞ்சா போயிட்டேன்?"

"இங்கன ஒனக்கு யாரு இருக்கா? ஒங்க மாமி ஒங்கிட்ட மொகங்குடுத்தே பேசுறதில்ல. அவுகளுக்காகவா இருக்கப்போற?"

அது உண்மைதான். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே ஆளுக்காக, இரண்டு பேரும் தனித்தனியாக அழுதுகொண்டிருக்கிறார்கள். இவள் அழுதால் அவர் எழுந்து வேறு அறைக்குப் போவார். அவர் அழுதால் இவள் அடுப்படிக்குப் போவாள்.

"யாருக்காகவும் இல்ல. எனக்காகத்தான் இருக்கப்போறேன்" என்றாள். "அப்படிச் சொல்லக் கூடாதாண்ணே?"

வாஹித் கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே உள்ளே போனான்.

*

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் பள்ளியிலிருந்து திரும்பும்போதே ஜேசிபியும் தெருவுக்குள் வந்துவிட்டது. பின்பக்கக் கேட்டுக்கு நேரே நிறுத்தி, ஓட்டுநர் சுருளிராஜன் இறங்காமலே குரல் கொடுத்தான்.

"பாய், எந்தப் பக்கம் ஆரம்பிக்க?"

"இரு, அவசரமில்ல. நோன்பு தொறந்ததும் வேலை" என்றார் அபுபக்கர். வாக்கென்றால் வாக்கு, அதில் அவர் சுத்தம். ஆனால் வண்டியை வரவழைத்து நிறுத்தி வைப்பதில் ஒரு மிரட்டல் இருக்கிறதே, அதையும் அவர் விடவில்லை. "வண்டிய மட்டும் உள்ள கொண்டாந்து பந்தலுக்கு எதுக்க நிப்பாட்டு."

வண்டி கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது. ருக்சானா பாயை எடுத்து வந்து பந்தலின் முதல் தூணுக்கு முன்னால் விரித்தாள். பழத்தை மடியில் வைத்துக்கொண்டு அதில் உட்கார்ந்தாள். வண்டியின் இரும்புப் பல் அவளுக்குப் பத்தடி தள்ளி நின்றது.

சுருளிராஜன் என்ஜினை அணைத்தான். "யக்கா, எந்திரிச்சு அங்கிட்டுப் போங்க. தூசி படும்."

"படட்டும்ப்பா."

அபுபக்கருக்கு ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. முகமே மலர்ந்துவிட்டது. "ஏப்பா சுருளி, ஒனக்கு நோன்பு இல்லேல்ல? இந்தா, நான் வெட்டின பழத்துல ஒரு துண்டு, அந்தப் புள்ள வச்சிருக்கறதுல ஒரு துண்டு. தின்னுட்டு எது பழம்னு சொல்லு. காலையில இருந்து மண்டை காயுது."

சுருளிராஜன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். தண்ணீர் பாட்டிலைக்கூட அவன் இருக்கைக்கு அடியில் மறைத்துத்தான் வைத்திருந்தான்.

"என்ன பாய் இது? நோன்புக்காரவுக இத்தன பேரு காஞ்ச வாயோட நிக்கிறீக, உங்க முன்னாடி நான் பழத்தக் கடிக்கவா? எங்கப்பன் அப்படி வளக்கல. பாங்கு சொல்லட்டும், எல்லாரும் சேந்தே திம்போம்."

நிலைப்படிக்குள் தஸ்பீஹ் மணி உருள்வது ஒரு கணம் நின்று, மறுபடி உருண்டது.

பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பக்கத்து மாடிகளில் துணி எடுக்க வந்தவர்கள் துணியை எடுக்க மறந்து நின்றார்கள். அடுப்படியிலிருந்து கஞ்சி வாசம் வந்தது. மடியிலிருந்த பழத்தின் மணம் அதைத் தாண்டி வந்தது. அபுபக்கரின் மூக்கு இரண்டு தடவை அந்தப் பக்கம் திரும்பியதை ருக்சானா பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் எழுந்து காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

*

நடுவீட்டில் பாய் விரித்தாகிவிட்டது. கஞ்சி, வடை, பேரீச்சம்பழம், தண்ணீர். ஒரு பக்கம் அபுபக்கரின் தட்டு, மறுபக்கம் ருக்சானாவின் தட்டு, நடுவே கத்தி. வாசலுக்கு அருகே ஒரு முக்காலியில் சுருளிராஜன்.

பாங்கு எழுந்தது. 'பிஸ்மில்லா' சொல்லி எல்லோரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் கஞ்சிக் கிண்ணத்தின் சத்தம்தான் கேட்கும். அன்று யாரும் கிண்ணத்தைத் தொடவில்லை.

அபுபக்கர் தன் பழத்தைத்தான் முதலில் வெட்டினார். கத்தி இறங்க மறுத்தது. அழுத்தினார். உள்ளே வெளிறிய பச்சை, விதை இன்னும் வெள்ளையாக. ஒரு துண்டைத் தாயிடம் நீட்டினார்.

அம்சத் பீவி கடித்தார். அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது. மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார்.

"வெள்ளரிக்கா" என்றான் சுருளிராஜன், அவனுக்குக் கொடுத்த துண்டைத் தின்றுவிட்டு. கேட்காமலே சொன்னதற்கு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரெண்டு நாள் போனாப் பழுத்துரும்" என்றார் அபுபக்கர்.

ருக்சானா தன் பழத்தை எடுத்தாள். கத்தி தன் பாட்டில் இறங்கியது. பாதியாகப் பிளந்ததும் நடுவீடு முழுக்க மணத்தது. உள்ளே அடர்ந்த ஆரஞ்சு நிறம், நசுங்கிய பக்கம் மட்டும் கொஞ்சம் கறுத்திருந்தது. அந்த இடத்தைச் சீவி எடுத்தாள். விதையை ஒரு கிண்ணத்தில் தனியாக வழித்து வைத்தாள். துண்டு சீராக விழுந்தது. ஒரு துண்டை மாமியாருக்கு முன்னால் வைத்தாள். கையில் கொடுக்கப் பயமாக இருந்தது.

அம்சத் பீவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எடுத்து வாயில் வைத்தார்.

சத்தமே வரவில்லை. மெல்லவும் தேவைப்படவில்லை. சாறு முழங்கை வரை வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா" என்றார் அபுபக்கர்.

அவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி இன்னொரு துண்டு எடுத்தார்.

"போன நோன்புக்கு அவன் தெனமும் வாங்கிட்டு வந்தான்" என்றார் அம்சத் பீவி. "எதுக்குடா தெனமும்னு ஏசுவேன். அடுத்த வருசம் கொல்லையிலயே போட்டுத் தாரேம்மான்னு சொன்னான். எங்கிட்டதான் சொன்னான். அந்த வெதையத்தான் நான் தூக்கி எறியச் சொன்னேன்."

குரல் உடைந்துவிட்டது.

"அபு. நீயும் தின்னு."

"எனக்கு வேணாம்மா."

"தின்னுட்டுச் சொல்லு. நீ பழ யாவாரி."

அபுபக்கர் ஒரு துண்டை வாயில் போட்டார். ஊரில் அவரைப் பற்றி நூறு குறை சொல்வார்கள், ஆனால் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. விழுங்கினார். ருக்சானாவைப் பார்த்தார்.

"பழந்தான்" என்றார்.

"கேட்டுக்கிட்டியா?" அம்சத் பீவி மருமகள் பக்கம் திரும்பினார். நாலு மாதத்தில் முதல் தடவையாக முகத்துக்கு நேரே பேசினார். "நானும் சொல்லிர்றேன். இது பழம். எம்மகன் வாங்கியாந்த பழம்."

அபுபக்கர் எழுந்து கை கழுவினார். வாசலைப் பார்த்து, "சுருளி, கஞ்சியக் குடிச்சிட்டு வண்டிய எடுத்துட்டுப் போப்பா. அந்த எடத்த நான் தொடல. சொன்னாச் சொன்னதுதான்" என்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் பக்கத்து நடை வழியாகப் பள்ளிவாசலுக்குக் கிளம்பினார். வாஹிதும் பின்னால் போனான். போகும்போது கார்ச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனானே தவிர, நாளைக்குத் தனியாகப் போகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

ருக்சானா விதைக் கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு, மஃரிப் தொழுமுன் கை, முகம், கால் கழுவி ஒளு செய்வதற்காகக் கொல்லைக் குழாயைத் திறந்தாள்.

குழாய் இருமியது. ஒரு சொட்டு விழுந்தது. பிறகு அதுவும் இல்லை.

மோட்டார் சத்தம் எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. நடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தாள். சுவரிலிருந்த பெட்டி திறந்து கிடந்தது. பியூஸ் கட்டையைக் காணவில்லை. இடத்தைத் தொடமாட்டேன் என்றுதானே சொன்னார், தண்ணீரைப் பற்றி அவர் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. போர் அவர் பங்கில் இருக்கிறது. பந்தலின் உச்சிக் கம்பியில் இன்னும் ஐந்தாறு பிஞ்சுகள் இருக்கின்றன. பங்குனி வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் காட்டாவிட்டால் அவ்வளவும் கருகிவிடும்.

இந்தத் தடவை அவளுக்கு அழுகை வந்தேவிட்டது. சுவரில் தலையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. திரும்பினாள்.

அடுப்படி டிரம்மிலிருந்து மொண்ட குடத்தை இடுப்பிலும் செம்பைக் கையிலும் வைத்துக்கொண்டு அம்சத் பீவி பின்கட்டு நிலைப்படியில் நின்றார். திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார்.

ஒரு காலை வெளியே வைத்தார். மறு காலையும் வைத்தார்.

இருட்டத் தொடங்கிய கொல்லையில் தட்டுத்தடுமாறி நடந்து, பந்தலுக்குக் கீழே போய், கொடியின் வேருக்கு நேராகக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். மேலே காலித் தொட்டில்கள் அவர் தலையில் உரசின. செம்பில் மொண்டு மணிக்கட்டு வரை கை கழுவினார். வாய் கொப்பளித்தார். முகம், முழங்கை. அள்ளிய ஒவ்வொரு கைத் தண்ணீரும் ஒழுகி நேரே வேருக்குப் போனது.

"மேல இன்னும் பிஞ்சு கெடக்குதா?" என்று கேட்டார்.

"கெடக்கு மாமி."

"அப்ப எதுக்கு அங்கன நின்னு அழுதுக்கிட்டிருக்க? நீயும் வந்து இங்கனயே ஒளு செய்யி."

ருக்சானா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமியார் செம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு, கால் இரண்டையும் வேர்ப்பக்கமாக நீட்டிக் கழுவினார்.

"அவன் கட்டையப் புடுங்கி வச்சுக்கிறட்டும்" என்றார். "நாம ரெண்டு பேரு. அஞ்சு வேளை தொழறோம்."